இரண்டாவது ஊசி

எடை மேடையில் ஏறும்போதெல்லாம் திலகவதி கண்ணை மூடிக்கொள்வாள். எண்ணைப் பார்க்கப் பயந்து அல்ல. அது அவளுக்குத் தெரிந்த எண்தான். அந்த எண்ணைப் பார்க்கிறவர்களின் முகத்தைத்தான் அவளால் பார்க்க முடியாது.

"இறங்கலாம்மா. லோயர் பெர்த் போட்டிருக்கேன்," என்றாள் கவுண்ட்டர் பெண். "கொஞ்சம் பெரியவங்களுக்கு லோயர்தான் வசதி."

பெரியவங்க என்று அவள் சொன்னது வயதை வைத்து அல்ல என்பது இருவருக்குமே தெரியும். திலகவதி சிரித்துவிட்டு நகர்ந்தாள். இப்படிச் சிரித்து நகர்வதில் அவளுக்கு நாற்பது வருடப் பழக்கம்.

சென்னையிலிருந்து டொராண்டோ போகிற துயில் விமானம் அது. நெடுந்தூரத்துக்கு உட்கார்ந்துகொண்டு போகிற விமானமெல்லாம் இப்போது பணக்காரர்களுக்குத்தான். மற்றவர்களுக்கு ஊசி. ரயிலில் இருப்பதுபோல மூன்றடுக்குப் படுக்கை, ஒவ்வொன்றுக்கும் கண்ணாடி வைத்த ஒரு மூடி. ஊசி ஏறியதும் உடம்பு குளிர்ந்து மூச்சு அடங்கிவிடும். சோறு தண்ணீர் வேண்டாம், கழிப்பறை வேண்டாம், பக்கத்து ஆளோடு கைப்பிடிக்குச் சண்டை வேண்டாம். முன்பு ஏற்றியதைப்போல் மூன்று மடங்கு ஆட்களை ஏற்றலாம். டிக்கெட்டும் மலிவு.

துயில் விமானம் வந்தபோது திலகவதியைப் போல் சந்தோஷப்பட்டவர்கள் இருக்க முடியாது. பழைய விமானங்களில் அவள் பட்ட பாடு அப்படி. பெல்ட் எட்டாமல், ஒட்டுத்துண்டு கேட்டு மணியை அழுத்த வேண்டும். பணிப்பெண் அதை எல்லாரும் பார்க்கத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வருவாள். கைப்பிடிகள் இடுப்பில் அழுந்தி, இறங்கும்போது இரண்டு பக்கமும் நீலம் பாரித்திருக்கும். இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். அவளைப் பார்த்ததும் பக்கத்து சீட்டுக்காரர் விடுவாரே ஒரு பெருமூச்சு, அதைத்தான் பொறுக்க முடியாது. அந்தப் பெருமூச்சுக்குப் பயந்து பயணம் முழுக்கத் தோளைக் குறுக்கிக்கொண்டு, தண்ணீர் குடிக்காமல், எழுந்திருக்காமல் உட்கார்ந்திருப்பாள். துயில் விமானத்தில் யாரும் யாரையும் பார்ப்பதில்லை. படுத்தால் ஊர் வந்துவிடும்.

ஆனாலும் இரண்டு வருடமாக அவளுக்கு என்னவோ ஆகிவிட்டது. குளியலறைக் கதவைத் தாழ் போட முடியவில்லை. ஜாக்கெட்டைத் தலை வழியாகக் கழற்றும்போது துணி ஒரு நொடி முகத்தை மூடினால் அலறிவிடுகிறாள். ஜவுளிக்கடை லிஃப்ட்டில் ஏறி, கதவு சாத்துவதற்குள் எல்லாரையும் இடித்துத் தள்ளிக்கொண்டு வெளியே வந்து நின்றாள். திண்டுக்கல்லில் மின்வாரிய அலுவலகத்தில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவள். அலுவலகமே அவள் குரலுக்கு அடங்கும். எதற்கும் பயந்தவள் என்று யாரும் அவளைச் சொன்னதில்லை.

"வயசாகுதுல்ல, அதான்," என்றார் கணவர் தங்கவேல். டாக்டர் ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்தார். கூடவே எடையைக் குறைக்கச் சொன்னார். காது வலி என்று போனாலும் அவர் அதைத்தான் சொல்வார்.

இந்தத் தடவை டிக்கெட் எடுத்த அன்றே வாந்தி எடுத்தாள். ஆனால் போகாமல் இருக்க முடியாது. மகள் ஆதிரைக்கு வயிற்றில் கட்டி. அடுத்த வாரம் அறுவை சிகிச்சை. கணவனைப் பிரிந்து, ஐந்து வயதுப் பெண்ணோடு தனியாக இருக்கிறாள். ஆபரேஷன் அறைக்கு வெளியே உட்கார அவளுக்கு வேறு யார் இருக்கிறார்கள்?

உள்ளே போகுமுன் நகையையெல்லாம் கழற்றி வாங்கிக்கொண்டார்கள். மெட்டி மட்டும் கழலவில்லை. விரல் வீங்கியிருந்தது. பரவாயில்லை என்று விட்டுவிட்டார்கள்.

அவளுக்கு நேர் எதிர்க் கீழ்ப்படுக்கையில் ஒருவர் உட்கார்ந்து சட்டைப் பொத்தானை அவிழ்த்துக்கொண்டிருந்தார். அவரும் நல்ல கனம். காரைக்குடிப் பக்கத்துக்காரர், பெயர் வயிரவன் என்று தானாகவே சொன்னார். மகன் வீட்டுக்கு மூன்றாம் தடவையாகப் போகிறாராம்.

"புதுசா நீங்க? ஒண்ணும் பயப்பட வேணாம் ஆச்சி. படுத்ததுதான் தெரியும். எந்திரிச்சா கனடா."

"நான் ஏற்கெனவே வந்திருக்கேங்க."

"அப்பறம் ஏன் இப்படி வேர்க்குது?"

தன் முகத்தைத் தொட்டுப் பார்த்தாள். கை நனைந்தது.

ஊசி குத்தியது லேசாகத் தெரிந்தது. மூடி இறங்கியது.

*

முதலில் வந்தது குளிர். அடுத்து ஓர் இரைச்சல், எங்கோ பெரிய மாவு மில் ஓடுவதுபோல.

கண்ணைத் திறந்தாளா இல்லையா என்றே தெரியவில்லை. கையைத் தூக்கப் பார்த்தாள். வரவில்லை. இரண்டு தோளும் சுவரில் அழுந்தியிருந்தன. இடுப்பும் அப்படியே. தன்னைவிட ஒரு சுற்றுச் சின்னவளுக்குச் செய்த பெட்டியில் யாரோ தன்னை அமுக்கி வைத்து மூடியிருக்கிறார்கள். மூச்சை இழுத்தால் மார்பு மூடியில் முட்டியது. இழுத்த மூச்சு பாதியிலேயே நின்றது.

மூக்குக்கு நேரே கண்ணாடி. அதற்கு அப்பால் மங்கலாக ஒரு நீல வெளிச்சம்.

செத்துப்போய்விட்டேன் என்று நினைத்தாள். நினைத்தாள் என்பதுகூடத் தப்பு. அது அவளுக்கு அவ்வளவு தெளிவாகத் தெரிந்தது. மாமனாரைக் கூடத்தில் ஃப்ரீசர் பெட்டியில் வைத்திருந்தார்களே, அதே பெட்டி. அதே கண்ணாடி மூடி. இன்னும் கொஞ்ச நேரத்தில் ஆட்கள் மாலையோடு வந்து குனிந்து பார்ப்பார்கள். நான் உள்ளிருந்து பார்த்துக்கொண்டிருப்பது அவர்களுக்குத் தெரியாது. அப்புறம் தூக்கிக்கொண்டு போவார்கள்.

கத்தினாள். சத்தம் வரவில்லை. நாக்கு கட்டைபோலக் கிடந்தது. மறுபடி கத்தினாள். ஒரு முனகல் வந்து கண்ணாடியில் பட்டுத் தன் காதிலேயே விழுந்தது. அந்த முனகலைக் கேட்டதும் பயம் இரண்டு மடங்காகிவிட்டது. அவள் குரல்போலவே அது இல்லை.

இப்போது மூச்சு வேகமெடுத்தது. வேகமெடுக்க எடுக்க மார்பு மூடியில் மோதியது. மோத மோத மூச்சு போதவில்லை. கண்ணாடி முழுக்கப் புகை படர்ந்து நீல வெளிச்சமும் மறைந்துபோனது.

உடம்பில் அசைந்தது கால்விரல் மட்டும்தான். விரலை மடக்கினாள், நீட்டினாள். மெட்டி தகட்டில் பட்டு 'டிங்' என்றது. இன்னொரு தடவை. இன்னொரு தடவை. உயிர் முழுவதும் அந்த ஒரு விரலுக்குப் போய்விட்டதுபோல விடாமல் தட்டினாள்.

யாரோ நடந்து வரும் சத்தம். கண்ணாடிக்கு மேலே ஒரு நிழல். முகத்துக்கு நேராக இருந்த சின்னக் கதவு மட்டும் திறந்தது.

"சத்தம் போடாதீங்கம்மா," என்று ஒரு பெண் கிசுகிசுத்தாள். "நீங்க சாகல. விமானத்துல இருக்கீங்க. என் முகத்தைப் பாருங்க. மூச்சை மெதுவா விடுங்க. முதல்ல விடுங்க, அப்பறம் இழுங்க."

தடித்த குளிர்கோட்டும் கம்பளித் தொப்பியும் போட்ட பெண். முப்பது வயதிருக்கும். கையுறையைக் கழற்றிவிட்டு உள்ளங்கையைத் திலகவதியின் கன்னத்தில் வைத்தாள். அந்தக் கை அவ்வளவு சூடாக இருந்தது.

"சாகலன்னு... எப்படித் தெரியும்... நான் அப்படி நெனச்சது..." சொற்கள் ஒவ்வொன்றாகத்தான் வந்தன.

"தெரியும்மா. ஃப்ரீசர் பெட்டின்னு நெனச்சிருப்பீங்க."

திலகவதி அவளை உற்றுப் பார்த்தாள்.

அந்தப் பெண் குனிந்து ஏதோ கொக்கியைத் தளர்த்தினாள். படுக்கை கொஞ்சம் வெளியே நகர்ந்தது. வலது கை விடுபட்டது. திலகவதி முதலில் செய்த காரியம், அந்தக் கையால் அவள் கோட்டைப் பிடித்துக்கொண்டதுதான். இனி வெட்டினாலும் விடுவதாக இல்லை.

"நான் ஏன் முழிச்சேன்?"

"மருந்து பத்தல. இந்த மருந்தை நூறு கிலோவுக்கு உள்ள இருக்கவங்களுக்குத்தான் போட்டுச் சோதிச்சிருக்காங்க. அதனால எவ்வளவு எடையா இருந்தாலும் நூறு கிலோ ஆளுக்குப் போடுற அளவுதான் போடணும்னு சட்டம். உங்களுக்கு அது பாதி வழியில தீர்ந்துபோகுது."

"அப்ப பெரிய ஆளுங்களைச் சோதிக்கிறது..."

"அதுக்கு வருஷக்கணக்காகும். அதுவரைக்கும் உங்களையெல்லாம் ஏத்தாம இருக்கணும். ஏத்தலைன்னா நஷ்டம். 'குண்டா இருக்கவங்களை ஒதுக்குறாங்க'ன்னு பேரும் கெட்டுப்போகும். அதனால ஏத்திக்கிடுறாங்க."

"நான் இதுல எத்தனையோ தடவை வந்திருக்கேன். ஒரு தடவைகூட முழிச்சதில்லையே!"

அந்தப் பெண் நிமிர்ந்தாள். நடைபாதையின் இரண்டு முனையையும் திரும்பிப் பார்த்தாள்.

"ஒவ்வொரு தடவையும் முழிச்சீங்கம்மா," என்றாள். "இந்த டொராண்டோ விமானத்துல எப்பவும் எனக்குத்தான் டூட்டி. ஒவ்வொரு தடவையும் மெட்டியால தட்டுவீங்க. அந்தச் சத்தம் கேட்டாலே எனக்கு நீங்கன்னு தெரியும்."

திலகவதியின் கை அந்தக் கோட்டை இன்னும் இறுக்கியது. தாழ் போட முடியாத குளியலறை. லிஃப்ட். முகத்தை மூடிய ஜாக்கெட். எல்லாம் வரிசையாக வந்து நின்றன.

"எனக்கு ஒண்ணுமே ஞாபகம் இல்லையே."

"இரண்டாவது ஊசி போடுவோம். அது தூங்கவும் வைக்கும், முழிச்சதை அழிச்சும் விட்டிடும். வெளியில யாருக்கும் சொல்லாத ஊசி. முழிச்ச உடனே போட்டிடணும், பேச்சுக் கொடுக்கக்கூடாதுங்கறது எங்களுக்கு உத்தரவு. முதல் தடவை உங்களுக்குப் போட வந்தப்ப என் கையைப் பிடிச்சுக்கிட்டீங்க. 'என்னன்னு சொல்லு, சொல்லிட்டுப் போடு. கேக்காம என் மேல கை வைக்காதே'ன்னீங்க. அன்னையிலேருந்து எல்லார்கிட்டயும் கேட்டுட்டுத்தான் போடுதேன்."

"உன் பேரென்னம்மா?"

அவள் முகத்தில் ஒரு சிரிப்பு வந்து போனது. சந்தோஷச் சிரிப்பு இல்லை. "இதையும் எப்பவும் கேப்பீங்க. ஜெசிந்தா. தூத்துக்குடி. அடுத்து, பிள்ளை இருக்கான்னு கேப்பீங்க. இருக்கான், ஒரு பையன். ஆதிரைக்கு எப்படி இருக்கு? விவாகரத்து முடிஞ்சிட்டா?"

மகள் பெயரை அந்த வாயிலிருந்து கேட்டபோது திலகவதிக்கு உடம்பு சிலிர்த்தது. இந்தப் பெண்ணோடு உட்கார்ந்து மனசு விட்டுப் பேசியிருக்கிறாள். அழுதிருக்கிறாள். வீட்டுக் கதையெல்லாம் சொல்லியிருக்கிறாள். ஒன்றுகூடத் தன்னிடம் இல்லை.

"கேட்டேன்னு சொன்னியே," என்றாள் மெதுவாக. "நான் என்ன சொன்னேன்? போடுன்னா?"

"ஆமாம்மா. ஒவ்வொரு தடவையும்."

"பொய்."

"நான் ஏன் பொய் சொல்லணும்? 'இது ஞாபகம் இருந்தா நான் மறுபடி விமானம் ஏற மாட்டேன். ஏறலைன்னா என் பிள்ளையைப் பாக்க முடியாது. அழிச்சிடு'ன்னு நீங்கதான் சொல்லுவீங்க. போன தடவை திரும்பி வரும்போது, 'இதைப் பத்தி நான் கேட்டாக்கூட என்கிட்ட சொல்லாதே'ன்னு சத்தியம் வாங்கிக்கிட்டீங்க."

திலகவதி சுற்றிலும் பார்த்தாள். மேலே, எதிரே, அக்கம்பக்கம் எங்கும் ஆட்கள் கிடந்தார்கள். ஒருவருக்கும் மூச்சு விடுகிற சத்தம் இல்லை.

"சத்தியத்தை ஏன் மீறினே?"

ஜெசிந்தா இன்னும் குனிந்தாள். "போன மாசம் இதே லோயர்ல ஒரு அம்மா. உங்க வயசுதான். நாகர்கோவில்காரங்க. முழிச்சாங்க. நான்தான் கேட்டேன், நான்தான் போட்டேன். இறங்கும்போது எழுப்புனா எந்திரிக்கல." கழற்றிய கையுறையை முறுக்கினாள். "மாரடைப்புன்னு எழுதிட்டாங்க. 'உடம்பு பருமன்'னு. வீட்டு ஆளுங்ககூட ஒரு கேள்வி கேக்கல. இவ்வளவு கனமா இருந்தா வரத்தானே செய்யும்னு போயிட்டாங்க. உங்களுக்கு வயசு ஏறிக்கிட்டே போகுது. இந்தத் தடவை நான் கேக்க மாட்டேன். இந்த ஊசி வேண்டாம்மா."

திலகவதி அதுவரை பயந்ததெல்லாம் ஒரு பயமே இல்லை. அந்த நாகர்கோவில் அம்மா, தான் இப்போது படுத்திருக்கும் இதே தகட்டில் முதுகு பதியப் படுத்து, இதே பெண்ணின் முகத்தைப் பார்த்து, 'போடும்மா' என்று சொல்லியிருக்கிறாள்.

"போடலைன்னா?"

"இறங்குற வரைக்கும் முழிச்சுக்கிட்டு இதுக்குள்ளயே கிடக்கணும். இன்னும் பாதி தூரம் இருக்கு. குளிரும். மூடியை நான் முழுசாத் திறக்க முடியாது, எங்களுக்கு மேல இருக்க சீஃப்புக்குத் தெரிஞ்சிடும். அவர் வந்தா தூங்குற மாதிரி கிடக்கணும்." ஜெசிந்தா தயங்கினாள். "அப்பறம், இதெல்லாம் ஞாபகம் இருக்கும். எப்பவும் இருக்கும்."

ஞாபகம் இருந்தால் திரும்பிப் போவது எப்படி? திண்டுக்கல்லில் தங்கவேல் இருக்கிறார். வெந்நீர் வைக்கக்கூடத் தெரியாத மனுஷன். ஊருக்குத் திரும்ப இந்தப் பெட்டியைத் தவிர வேறு வழி கிடையாது. கப்பலில் போகலாம் என்றால் அதெல்லாம் சரக்குக்கு. அப்படியே எப்படியாவது ஊர் போய்ச் சேர்ந்தால், ஆதிரையை இனிமேல் எப்போது பார்ப்பது? கடலுக்கு இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர். ஊசி போட்டுக்கொண்டால் இரண்டு பக்கமும் உண்டு, உயிர் இருந்தால்.

"போட்டுடு" என்று வாய்வரை வந்துவிட்டது. எத்தனையோ தடவை சொல்லிப் பழகிய வார்த்தைபோல அது தானாக வந்தது. அது அப்படித் தானாக வந்ததுதான் அவளைத் தடுத்தது.

"வேண்டாம்," என்றாள். "முழிச்சுக்கிட்டே வரேன்."

ஜெசிந்தா தன் கழுத்துக் கம்பளியை அவிழ்த்து அவள் மார்பின் மேல் செருகினாள். அதே நேரம் நடைபாதைக் கோடியில் ஒரு கதவு திறந்தது.

"சீஃப்! கண்ணை மூடுங்க."

படுக்கை உள்ளே போனது. முகக்கதவு சாத்திக்கொண்டது. திலகவதி கண்ணை மூடினாள்.

பூட்ஸ் சத்தம் நெருங்கி அவளருகில் நின்றது. மூடிய இமைகளின் மேல் டார்ச் வெளிச்சம் சிவப்பாகத் தெரிந்தது. மூச்சு விடக்கூடாது. விட்டால் கண்ணாடியில் புகை படரும். தூங்குகிறவர்களின் கண்ணாடியில் புகை அவ்வளவாகப் படராது. நெஞ்சு வெடித்துவிடும்போல இருந்தது. உடம்பு இவ்வளவு பெரியது, இவ்வளவு காற்று கேட்கிறது, இதை எங்கே ஒளிப்பது!

அப்போதுதான் எதிர்ப்பக்கமிருந்து 'தொம்' என்று ஒரு சத்தம். மறுபடி 'தொம்'. வெளிச்சம் விலகியது.

இமையைத் துளி திறந்து, கண்ணாடியின் ஓரம் வழியாகப் பார்த்தாள். வயிரவனின் பெட்டி. கண்ணாடி முழுக்க வெள்ளையாகப் புகை. அதற்குப் பின்னால் ஒரு பெரிய கை மூடியை அறைந்துகொண்டிருந்தது.

"சிட்டாச்சி!" என்று அவர் கத்தினார். மெல்லக் கேட்டாலும் தெளிவாகவே கேட்டது. "சிட்டாச்சி, கதவைத் தொறங்க! இருட்டா இருக்கு ஆச்சி, தொறங்க!"

சீஃப் முகக்கதவைத் திறந்தார். "ஒண்ணுமில்ல சார். ஒரு நிமிஷம். அசையாதீங்க." குரல் நல்ல சாந்தமாக, பழகிய குரலாக இருந்தது.

"யாரு தம்பி? தம்பி, என்னைய வெளிய விட்டுருங்க. மூச்சு முட்டுது. படுக்க மாட்டேன், நான் நின்னுக்கிட்டே வாரேன். ஒரு மூலையில நின்னுக்கிறேன், யாருக்கும் இடைஞ்சல் பண்ண மாட்டேன்..."

"சார், நான் கேட்டுக்கிட்டு..." என்று ஜெசிந்தா முன்னால் வந்தாள்.

"நகரு. என்ன கேக்குறதுக்கு இருக்கு?"

கத்த வேண்டும் என்று திலகவதிக்குத் தோன்றியது. அவருக்கு அந்த ஊசியைப் போடாதே என்று ஒரு சத்தம் போட்டால் போதும். ஆனால் கத்தினால் அவளும் விழித்திருப்பது தெரிந்துவிடும்; அடுத்த ஊசி தனக்கு. வாயைத் திறந்தாள். சத்தம் வரவில்லை. இந்தத் தடவை நாக்கு கட்டையாகிக் கிடக்கவில்லை. அவளேதான் அதை வரவிடவில்லை.

"யாருக்கும் இடைஞ்சல்..." என்ற குரல் பாதியில் நின்றது. கண்ணாடிக்குப் பின்னால் கை சறுக்கிக்கொண்டே கீழே இறங்கியது.

அதற்குப் பிறகு எவ்வளவு நேரம் என்று அவளுக்குத் தெரியாது. நேரம் என்ற ஒன்றே அங்கே இல்லை. குளிர் எலும்புக்குள் இறங்கியது. கால் மரத்தது. இடுப்பு மரத்தது. பெட்டி ஒவ்வொரு மூச்சுக்கும் சுருங்குவதாகவும் கடைசியில் நொறுக்கிவிடப்போவதாகவும் தோன்றி, பல்லைக் கடித்துக்கொண்டு முகத்தைத் தாழ்த்திக் கம்பளியில் புதைத்துக்கொள்வாள். அதில் ஜெசிந்தாவின் பவுடர் வாசனை அடித்தது. ஜெசிந்தா சில தடவை வந்து முகக்கதவைத் திறந்து கன்னத்தைத் தொட்டுவிட்டுப் போனாள்.

மீதி நேரமெல்லாம் எதிர்க் கண்ணாடியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணாடியின் ஓரத்தில் உள்ளங்கையளவு புகை படரும், மெல்ல மங்கும். நெடுநேரம் ஒன்றும் இருக்காது. போய்விட்டார், நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே போய்விட்டார் என்று அவள் நினைக்கும்போது மறுபடி கொஞ்சம் படரும்.

*

எழுப்பும் ஊசிக்குப் பதிலாக ஜெசிந்தா அவளுக்கு வெறும் உப்புத்தண்ணீரைக் குத்திவிட்டு நகர்ந்தாள். எல்லா மூடியும் ஒன்றாகத் திறந்தன. ஜனங்கள் சோம்பல் முறித்துக்கொண்டு எழுந்தார்கள். வயிரவனைப் பார்க்குமுன் திலகவதியைச் சக்கர நாற்காலியில் உட்காரவைத்துத் தள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். அவள் காலில் வீக்கம் அப்படி.

வெளியே போகும் வழியில் நிறுவனத்தின் மேசை ஒன்று. நீலக் கோட்டுப் போட்ட இளைஞன் ஒவ்வொருவரையும் பார்த்துச் சிரித்தான். சென்னை விமானத்துக்காக வைத்த தமிழ்ப் பையன்.

"வணக்கம்மா. நல்லாத் தூங்குனீங்களா?"

கண்ணாடிச் சுவருக்கு அப்பால் ஆதிரை நின்றுகொண்டிருந்தாள். போன வருடத்தைவிட மெலிந்திருந்தாள். அவள் கையைப் பிடித்துக்கொண்டு குழந்தை. இரண்டு பேரும் கையை ஆட்டினார்கள். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் அடுத்த நிமிடம் அவர்களைக் கட்டிக்கொள்ளலாம்.

"தூங்கல," என்றாள் திலகவதி. "பாதியில முழிச்சிட்டேன்."

அவன் சிரிப்பு கலையவில்லை. நாற்காலியை அவனே ஓரமாகத் தள்ளிக்கொண்டு போய் ஒரு பெஞ்சுக்குப் பக்கத்தில் நிறுத்தி, எதிரே குந்தி உட்கார்ந்தான்.

"அது கனவும்மா. இந்த மருந்துக்குச் சிலபேருக்கு அப்படி வரும். உடம்பு கொஞ்சம் பெரிசா இருந்தா இன்னும் அதிகம். பெட்டிக்குள்ள மாட்டிக்கிட்ட மாதிரி, மூச்சு முட்டுற மாதிரி. அதானே?"

"கனவு இல்ல தம்பி. எனக்கு எல்லாம் ஞாபகம் இருக்கு. இரண்டாவது ஊசின்னு ஒண்ணு..."

"யாரு சொன்னா அப்படி?" அவன் சட்டென்று கேட்டான். குரல் அதே குரல்தான். கண் மட்டும் மாறியது. "யாராவது உங்ககிட்டப் பேசினாங்களா? பேரு சொன்னாங்களா?"

விமானப் பணியாளர்கள் பெட்டிகளை இழுத்துக்கொண்டு கூட்டமாகக் கடந்து போனார்கள். நடுவில் ஜெசிந்தா. இந்தப் பக்கம் திரும்பவே இல்லை. அவள் கழுத்தில் கம்பளி இல்லை.

"பேரு கேக்கல," என்றாள் திலகவதி.

"பாத்தீங்களா? கனவுல பேரெல்லாம் இருக்காது." அவன் இதமாக அவள் கையைத் தட்டிக்கொடுத்தான். "டாக்டரைக் கூப்பிடுறேன். ஒரு மாத்திரை கொடுப்பார், சரியாப்போயிடும்."

அவனைப் பார்க்கப் பார்க்க அவளுக்கே சந்தேகம் வந்தது. மாத்திரை, டாக்டர், எடை. திண்டுக்கல்லிலும் இதைத்தான் சொன்னார்கள். ஒருவேளை கனவுதானோ? பைத்தியம் பிடிக்கிறதோ? ஊசியைவிட, பெட்டியைவிட, அந்த ஒரு நிமிடம் அவளை அதிகமாக உலுக்கியது.

"நல்லாத் தூங்குனீங்களா சார்?" என்று மேசையில் வேறொரு பெண் கேட்பது காதில் விழுந்தது.

"ஏ ஒன்! படுத்ததுதான் தெரியும்!"

வயிரவன். முகம் கழுவி, திருநீறு பூசி, பளிச்சென்று நின்றார். உயிரோடு நின்றார். திலகவதியைப் பார்த்ததும் கையைத் தூக்கிக்கொண்டு வந்தார். "என்ன ஆச்சி, பயந்துகிட்டே இருந்தீகளே, வந்து சேர்ந்தாச்சா இல்லையா!"

அவரைப் பார்த்ததும் அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நீலக் கோட்டுப் பையன் நாற்காலியைத் திருப்பக் கை வைத்தான். அவள் சக்கரத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"ஒண்ணு கேக்கட்டுங்களா? உங்களுக்குச் சிட்டாச்சின்னு யாரும் இருக்காங்களா?"

வயிரவனின் சிரிப்பு அப்படியே நின்றது.

"என் கூடப் பிறந்த ஆச்சி," என்றார். "சின்னப்பிள்ளையில ஒருநாள் நெல்லறைக்குள்ள என்னைய வச்சுப் பூட்டிட்டுப் போயிட்டாக வீட்டுல. தெரியாமத்தான். ஆச்சிதான் வந்து தொறந்தாக. அவுக காலமாகி எவ்வளவோ வருஷமாச்சு. அந்தப் பேரு என் வீட்டுக்காரிக்கே தெரியாதே. உங்களுக்கு..." கை தானாகச் சட்டைக் கழுத்துக்குப் போனது. மேல் பொத்தானைத் தேடி அவிழ்த்தது. "உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"சார், உங்க லக்கேஜ் அந்தப் பக்கம்..." என்றான் பையன்.

"இருங்க தம்பி." வயிரவன் அவனைப் பார்க்கவில்லை. "ரெண்டு வருஷமா என்னால சாமி அறைக்குள்ளகூடக் கதவைச் சாத்திக்கிட்டு இருக்க முடியல. ஏன்னு தெரியல. யார்கிட்டயும் சொன்னதில்ல."

கண்ணாடிக்கு அப்பால் ஆதிரை, என்ன என்று கையால் கேட்டாள். கொஞ்சம் இரு என்று திலகவதி கையைக் காட்டினாள்.

"உக்காருங்க," என்றாள் வயிரவனிடம். "சொல்றேன். நீங்க கூப்பிட்டப்ப நான் வாயைத் திறக்கல. அதையும் சேர்த்துச் சொல்றேன்."

அவர் பெஞ்சில் உட்கார்ந்தார். அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் இன்னும் ஒரு வார்த்தைகூடச் சொல்ல ஆரம்பிக்கவில்லை. அதற்குள் அவருடைய இன்னொரு கை சட்டையின் அடுத்த பொத்தானைத் தேடத் தொடங்கியிருந்தது.